தனிமை தேடிப் போன இடம்

"சாமியாருக்கு ஓய்வு எதற்கு?" என்று வேடிக்கையாகக் கேட்பவர்கள் எல்லாப் பங்குகளிலும் உண்டு. காலையில் திருப்பலி முடிந்துவிட்டால், சாய்வு நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பதுதானே அவருடைய வேலை என்பது அவர்களுடைய எண்ணம். நான் அவர்களோடு வாதாடுவதில்லை. ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளில், வாசற்கதவு தட்டப்படாமல் மதிய உணவை முடித்த நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இரு கைகளின் விரல்களே அதிகம்.

சென்ற ஆண்டில் என் குருத்துவ வெள்ளி விழாவைப் பங்கு மக்கள் கொண்டாடினார்கள். பொன்னாடைகளும் மாலைகளும் வந்தன. எல்லாம் முடிந்த பிறகு, சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் எங்கள் பங்கு இளைஞர்கள் சிலர் ஒன்றுகூடி ஓர் உறையை என் கையில் கொடுத்தார்கள். பணம் என்று எண்ணிப் பிரித்தேன். உள்ளே ஒரு விடுதியின் முன்பதிவுச் சீட்டு இருந்தது. கடற்கரையில், மரக்கூட்டத்துக்கு நடுவே, ஓலை வேய்ந்த தனிக் குடில். மூன்று நாள் தங்கல், உணவு உள்பட. "ஃபாதர், அங்கே யாருமே இருக்கமாட்டார்கள். கடலும் நீங்களும் மட்டும்தான். தொலைபேசியை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்" என்றான் அவர்களில் மூத்தவன்.

எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. மருத்துவரும் சில மாதங்களாக அதையேதான் சொல்லி வந்தார். ஆயினும் மறுத்துவிடவே நினைத்தேன். நம் மக்கள் வெயிலில் களை பறிக்கையில், குருவானவர் கடற்கரைக் குடிலில் காற்று வாங்குவதா என்று மனம் கூசியது. பிறகு சீட்டில் அச்சாகியிருந்த ஊரின் பெயரைப் படித்தேன்: பொம்மையார்பாளையம். உடனே சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த ஊரில் எனக்கு ஒரு பழைய கடன் இருந்தது.

*

1986-ஆம் ஆண்டு தை மாதம். அப்போது எனக்குப் பதினேழு வயது. குருமட மாணவர்கள் பத்துப் பேர், ஒரு விடுமுறை நாளில் புதுச்சேரியிலிருந்து வாடகை மிதிவண்டிகளில் வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். இன்றைய அகன்ற கிழக்குக் கடற்கரைச் சாலை அன்று இல்லை. கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி என்று ஊர் ஊராகக் கடந்து பொம்மையார்பாளையம் சேர்ந்தோம். மேற்கே செம்மண் மேடு. கிழக்கே சவுக்குத் தோப்பு. தோப்பைத் தாண்டினால் மீனவர் குப்பம். குப்பத்தையும் தாண்டினால் மணல். எவ்வளவு மணல்! வெயில் ஏறிய பிறகு வெறுங்காலோடு அதைக் கடந்து நீரைத் தொடுவதற்குள் பாதம் வெந்துவிடும். நாங்கள் கூச்சலிட்டுக்கொண்டே ஓடினோம்.

நான் வானம் பார்த்த பூமியில் பிறந்தவன். ஏரியில் இடுப்பளவு நீரில் நின்று பழகியவனுக்குக் கடலும் ஒரு பெரிய ஏரி என்றே பட்டது. ஓர் அலை என்னைக் கவிழ்த்தது. அடுத்தது இழுத்துச் சென்றது. வாய் நிறைய உப்பு நீரும், காது நிறைய இரைச்சலும், காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத வெறுமையுமாக நான் கழித்த அந்த இரண்டு மூன்று நிமிடங்களை இன்றும் சில இரவுகளில் கனவில் காண்கிறேன். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் பாய்ந்து வந்து, என் தலைமயிரைப் பற்றி இழுத்துக் கரையில் போட்டார். குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தினார். கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, இது உங்க ஊர் ஏரி இல்லே."

கரையோர வரிசையில் அவருடைய வீடு. வாசலில் ஒரு பூவரச மரம். அவருடைய தாயார் உலர்ந்த வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து என்மேல் போர்த்தினார். சுடு கஞ்சியும் மீன் குழம்பும் கொடுத்தார். நடுங்கும் கைகளால் நான் சிந்திய கஞ்சியைத் தம் முந்தானையால் துடைத்தார். மாலையில் அதே வேட்டியோடு மிதிவண்டி ஏறினேன். என் உடை ஈரமாக இருந்தது. அதிபர் அறிந்தால் இனி வெளியே அனுப்பமாட்டார் என்று அஞ்சி, நடந்ததை நாங்கள் பத்துப் பேரும் மறைத்துவிட்டோம். மறைத்த காரணத்தால் வேட்டியைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லாமல் போயிற்று. அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பிறகு மேற்படிப்பு, குருப்பட்டம், பங்குகள், பள்ளிகள் என்று காலம் ஓடிவிட்டது. எத்தனையோ முறை அந்தச் சாலை வழியே பேருந்தில் போயிருக்கிறேன். ஒருமுறையும் இறங்கவில்லை. நன்றியறிதலைப் பற்றி எத்தனை மறையுரைகள் நிகழ்த்தியிருப்பேன்! நாவுக்கு எளிதாக இருந்தது காலுக்கு அரிதாகிவிட்டது.

*

2025 பிப்ரவரியில், தவக்காலம் தொடங்குவதற்கு முன்பாகப் புறப்பட்டேன். பையில் ஒரு புது வேட்டியும் ஒரு சேலையும் இருந்தன. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரை ஒரு பேருந்து; அங்கிருந்து தெற்கே இன்னொன்று. மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாக நீர் கட்டிக் கிடக்க, வெயில் அதை மெல்ல மெல்ல உறிஞ்ச, தரையில் வெள்ளை பூக்கிறது. முந்தைய நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெங்கல் புயல் மயிலத்தில் மட்டும் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. அந்த வெள்ளம் உப்பளங்களையும் மூழ்கடித்தது. பேருந்தில் என் அருகே அமர்ந்திருந்த உப்பளத் தொழிலாளி ஒருவர், "மழை பேஞ்சா ஊரே சந்தோஷப்படும்; எங்களுக்கு மட்டும் அடுப்பு அணைஞ்சிடும்" என்றார். சற்று மேற்கே கழுவேலி ஏரி. 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் ராம்சார் பட்டியலில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட அந்த நீர்ப்பரப்பிலிருந்து எழுந்த பறவைக் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்து சென்றது.

பொம்மையார்பாளையத்தில் இறங்கி விடுதியை அடைந்தேன். உண்மையைச் சொல்லவேண்டும்: இடம் மிக அழகாக இருந்தது. சவுக்கு மரங்களின் நிழலில் தனித்தனிக் குடில்கள், மூங்கில் வேலி, திண்ணையில் ஒரு கயிற்று ஊஞ்சல். மரங்களினூடே கடல் நீலமாகத் தெரிந்தது. வாசலில் ஒரு காவலர் நின்று, வெளியார் எவரும் நுழையாமல் பார்த்துக்கொண்டார். முதல் நாள் பிற்பகல் படுத்தவன் இருட்டிய பிறகுதான் எழுந்தேன். அப்படித் தூங்கி எத்தனை ஆண்டுகள்! கதவை யாரும் தட்டவில்லை. இறைவனுக்கு நன்றி சொன்னேன். இளைஞர்களையும் மனத்தில் வாழ்த்தினேன்.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மணலைக் காணவில்லை. குடிலின் முன்னால் நாலு படி இறங்கினால் கருங்கற்கள்; கற்களுக்கு அப்பால் நேரே அலை. நீர் வற்றும் வேளையில் பத்தடி அகலத்துக்கு ஈர மணல் எட்டிப் பார்த்தது. நீர் ஏறியதும் அதுவும் மறைந்தது. கால் வெந்த அந்தப் பாலை எங்கே? நான் வேறு இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று ஐயுற்றேன்.

*

மறுநாள் விடியலில் பையை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். விடுதியின் வேலியைச் சுற்றிக்கொண்டு கால் மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது. கரையில் கண்ணாடியிழைப் படகுகள் வீடுகளின் சுவர்களை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. 'ஃபைபர் போட்டு' என்று அவர்கள் சொல்லும் அவ்வகைப் படகுகள் 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு இக்கரையெங்கும் பெருகிவிட்டன. பாதி இடிந்த ஒரு சுவரின் நிழலில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வலையிலிருந்து நண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் வெள்ளை அங்கியைப் பார்த்துவிட்டு, "வாங்க சாமி, உட்காருங்க" என்று ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்.

என் கதையைச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. காது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எந்த வருஷம் சாமி அது?"

"1986, தை மாதம்."

"அப்போ துறைமுகத்துக்கு முன்னாடி" என்றார். "எங்களுக்கு ரெண்டே காலம்தான் சாமி. மணல் இருந்த காலம், மணல் போன காலம்."

"வாசலில் பூவரச மரம் இருந்தது, ஐயா."

பெரியவர் முதன்முறையாக வலையைக் கீழே வைத்தார். எழுந்து நின்று, கையைக் கண்ணுக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு கடலைக் காட்டினார். "நீங்க தங்கியிருக்கிற இடம் அப்போ சவுக்குத் தோப்பு. தோப்புக்கும் கடலுக்கும் நடுவிலே மூணு வரிசை வீடு இருந்தது. அதுக்கு அப்பாலே படகு நிறுத்துற இடம், வலை காயப்போடற இடம், கருவாடு காயப்போடற இடம். கரைவலை இழுக்க அம்பது பேரு கயிறு பிடிச்சு நடக்கிற அளவுக்கு மணல். நீங்க சொல்ற பூவரசு முதல் வரிசை. அதோ, அலை உடையுது பாருங்க, அதுக்கும் உள்ளே."

நான் பார்த்தேன். அங்கே நுரை மட்டுமே இருந்தது. கடலோர விடுதி என்று நான் வந்து தங்கிய இடம், நான் முதன்முதலில் வந்தபோது கடலோரமாகவே இருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊருக்குப் பின்புறமாக இருந்த தோப்பு, ஊர் போனபின் முன்புறமாகிவிட்டது.

"என்னை இழுத்துப் போட்டவர் யாராக இருக்கும் ஐயா?"

பெரியவர் சிரித்தார். "யாருன்னு சொல்றது சாமி? வருஷத்துக்கு நாலு பேரை இழுத்துப் போடுவோம். செத்தவன் பேருதான் போலீஸ்காரர் எழுதிக்குவாரு. பொழைச்சவன் பேரை யார் எழுதி வச்சா? நானாகக்கூட இருக்கலாம். எனக்கு ஞாபகம் இல்லே."

அவர் கூறியது எனக்கு அறைந்தாற்போல் இருந்தது. முப்பத்தொன்பது ஆண்டுகள் நான் நெஞ்சில் சுமந்த ஒரு நாள், அவர்களுக்கு மற்றெந்த நாளையும் போன்ற ஒரு நாள். உதவி செய்தவர் மறந்துவிட்டார்; பெற்றவன் தேடி வருவதற்குள், தேடி வரவேண்டிய வீட்டையே கடல் கொண்டுபோய்விட்டது.

*

மணல் எப்படிப் போயிற்று? பெரியவர் தம் விரலால் தரையில் கோடு கிழித்துக் காட்டினார். பொறியியல் அறிஞர்கள் எழுதியவற்றையும் பிற்பாடு தேடிப் படித்தேன். இரண்டும் ஒன்றையே சொல்லின.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அது ஒரு வழிப்போக்கன். ஆண்டின் பெரும்பகுதி, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் கரையின்மீது சாய்வாக மோதி, அதைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வாடைக்காலத்தில் சில மாதங்கள் மட்டும் அது தெற்கே திரும்புகிறது. போனதையும் வந்ததையும் கழித்துப் பார்த்தால், ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே பயணம் செய்கிறது. ஒரு கரையை விட்டு நீங்கும் மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து புது மணல் வந்துகொண்டே இருப்பதால்தான் கரை கரையாக இருக்கிறது.

1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணைகள் நீட்டப்பட்டன. வழிப்போக்கனின் பாதை அடைபட்டது. அணையின் தென்புறம் மணல் குவிந்தது. வடபுறம் கரை பட்டினி கிடந்தது. முதலில் புதுச்சேரி நகரத்தின் மணற்கரை மறைந்து, அங்கே கருங்கல் சுவர் எழுந்தது. நகரம் கல்லால் தன்னைக் காத்துக்கொண்டபோது, அலையின் பசி அடுத்த ஊருக்கு நகர்ந்தது. அங்கே கற்களைக் கொட்டித் 'தூண்டில் வளைவு' கட்டினால், அதன் தென்புறம் சிறிது மணல் தங்கும். வடக்கே உள்ள ஊருக்கு அந்த மணலும் வராது. இப்படியே கோட்டக்குப்பம், முதலியார்சாவடிகள், பொம்மையார்பாளையம் என்று வறுமை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கைமாற்றப்பட்டது. "எங்களுக்கும் தூண்டில் வளைவு வேணும்னு சாலையிலே எத்தனையோ தடவை உட்கார்ந்தோம் சாமி" என்றார் பெரியவர். "போட்டா பிள்ளைச்சாவடிக்காரன் அழுவான், தெரியும். என்ன செய்யறது? வீடு இடியும்போது அடுத்தவனை நினைக்க முடியலே."

இது நமக்குப் புதிய பாடமும் அன்று. 1870-களில் சென்னைத் துறைமுகப் பணிகள் தொடங்கிய பின்னர்தான் தெற்கே மெரினா இன்றுள்ள அகலத்துக்குப் பரந்தது. அதே வேளையில் வடக்கே இராயபுரம் பக்கத்துக் கரை அரித்துச் செல்லப்பட்டது. மெரினாவில் சுண்டல் தின்று மகிழும் நாம், அந்த மணலின் ஒரு பகுதி வடக்கே உள்ள மீனவக் குப்பங்களுக்குப் போக வேண்டியது என்பதை எண்ணுவதில்லை.

அன்றிரவு என் குருமட நண்பர் ஒருவருக்குத் தொலைபேசியில் பேசினேன். பத்துப் பேரில் ஒருவராக 1986-இல் என்னோடு மிதிவண்டியில் வந்தவர். பல ஆண்டுகளாக மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டில் பணிபுரிகிறார். நான் சொல்லி முடிக்குமுன்பே, "இங்கேயும் இதே கதைதான்" என்றார். 1960-களில் லோமே நகரில் துறைமுகம் கட்டினார்கள். அக்கரையில் மணல் மேற்கிலிருந்து கிழக்கே நகர்வது. கானாவில் வோல்டா ஆற்றின் குறுக்கே 1965-இல் முடிந்த அகோசோம்போ அணை ஆறு கொண்டுவரும் மணலை முன்னரே தடுத்திருந்தது. வந்த மணலையும் துறைமுக அணை நிறுத்தியது. லோமேக்குக் கிழக்கே அனேஹோ வரையுள்ள ஊர்களின் வீடுகளும், சாலைகளும், கல்லறைகளும் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. "தென்னந்தோப்புக்கு நடுவே, ஆளரவமற்ற அழகிய கரை என்று ஐரோப்பாவிலிருந்து இங்கே ஓய்வெடுக்க வருகிறார்கள். வலைஞர்கள் எப்படி வெளியேறினார்கள் என்று அவர்கள் எங்கே கேட்கப் போகிறார்கள்?" என்றார் நண்பர். சற்று நிறுத்தி, "நாம் மட்டும் கேட்டோமா?" என்றார்.

*

மூன்றாம் நாள் காலை பெரியவரின் வீட்டில் உணவு. அவரே அழைத்திருந்தார். அவருடைய மருமகள் நண்டுக் குழம்பும் சோறும் பரிமாறினாள். அவளுடைய வேலை, படகில் வரும் மீனைக் கூடையில் எடுத்துக்கொண்டு சாலைக்குப் போய், பேருந்து ஏறிப் புதுச்சேரியில் விற்பது. பேச்சுவாக்கில் அவள் ஒன்று சொன்னாள். முன்பு தோப்பின் ஓரமாக ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. ஐந்து நிமிடத்தில் சாலையைத் தொட்டுவிடலாம். விடுதி வந்ததும் வேலி வந்தது. பாதை உள்ளே போயிற்று. இப்போது தலைச்சுமையோடு கால் மணி நேரம் சுற்ற வேண்டும். "ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டா, அன்னைக்கு மீன் பாதி விலைக்குத்தான் போவும் சாமி" என்றாள். என் மீது குறையாக அவள் இதைச் சொல்லவில்லை. நான் எங்கே தங்கியிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. பெரியவர் எதுவும் சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

விடுதிக்குத் திரும்பியதும் மேலாளரைச் சந்தித்தேன். மரியாதை தெரிந்த இளைஞர். அவர் சொன்னது இது: "ஃபாதர், முதலாளி வெளியூரில் இருக்கிறார், நான் சம்பளக்காரன். ஆனால் ஒன்று சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். இங்கே வருகிற எல்லாரும் யாருமில்லாத இடத்தைத்தான் கேட்கிறார்கள். நடுவிலே மீன்கூடை போனால் அடுத்த முறை வரமாட்டார்கள். வேலியை நாங்கள் எங்களுக்காகப் போடவில்லை. உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் போட்டோம்."

என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாட்களாக நான் அனுபவித்த அமைதியின் விலையை, எனக்குத் தெரியாமலே, ஒரு பெண் தன் தலைச்சுமையால் செலுத்திக்கொண்டிருந்தாள். என்னைக் காத்த குப்பம் என் வருகைக்காகவே வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தது. விருந்தினர் கருத்தெழுதும் ஏடு மேசைமீது இருந்தது. அதில் எழுதினேன்: "இடம் அழகானது. நல்ல உறக்கம் கிடைத்தது. ஆனால் மீன் கொண்டுசெல்லும் பெண்கள் தோப்போரமாக நடந்து போவதால் என் அமைதிக்கு ஒரு குறையும் வராது. வேலியில் ஒரு வாயில் வைக்க வேண்டுகிறேன்." பெயரையும், பங்கின் பெயரையும், தேதியையும் எழுதிக் கையெழுத்திட்டேன். மேலாளர் படித்துவிட்டு, "முதலாளிக்கு அனுப்புகிறேன்" என்றார். அனுப்பினாரா, தெரியாது. இதை எழுதும் இந்நாள் வரை பதில் வரவில்லை.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் ஒரு நற்செய்திப் பகுதி நினைவுக்கு வந்தது. களைத்துப்போன சீடர்களை ஆண்டவர் தனிமையான ஓரிடத்துக்கு ஓய்வெடுக்க அழைத்துச் சென்றார். அவர்களும் படகேறிப் போனார்கள். போய்ச் சேருமுன்பே மக்கள் கால்நடையாக ஓடி வந்து அங்கே கூடியிருந்தார்கள். எத்தனையோ முறை அதைப் படித்து, "பாவம் சீடர்கள், ஓய்வு போயிற்றே" என்று இரங்கியிருக்கிறேன். இம்முறைதான் எனக்கு வேறொன்று தோன்றியது. அங்கே வேலியும் இல்லை, காவலரும் இல்லை. வந்தவர்கள் அமர்ந்து உண்பதற்குப் புல்தரை இருந்தது.

ஓய்வு தவறன்று. களைத்த உடலுக்கு உறக்கம் வேண்டும். குடும்பத்தோடு நான்கு நாள் கடலையும் மலையையும் கண்டு வருவதும் நல்லதே. இந்த இதழைப் படிக்கும் குடும்பங்களில் பலர் கோடை விடுமுறைக்கு இடம் தேடிக்கொண்டிருப்பீர்கள். போய் வாருங்கள். ஆனால் 'யாருமற்ற கரை' என்று எவரேனும் உங்களுக்குச் சொன்னால், அங்கே முன்பு யார் இருந்தார்கள் என்று ஒருமுறை கேளுங்கள். மீன்கூடை எந்த வழியாகச் சாலைக்குப் போகிறது என்று கேளுங்கள். அலை ஏறி இறங்கும் கரை எவருடைய வீட்டு முற்றமும் அன்று. அது ஊருக்குப் பொதுவானது. அந்த ஊராரில் ஒருவரோடு அமர்ந்து ஒரு வேளை உண்டு வாருங்கள். தங்கும் விருந்தினர் பத்துப் பேர் கேட்டால் வேலியில் வாயில் திறக்கலாம். ஒருவன் கேட்டது போதவில்லை.

கெட்டது செய்த மனிதக் கையால் நல்லதும் செய்ய முடியும் என்பதற்குப் புதுச்சேரிக் கரையிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018-ஐ ஒட்டி அமைத்த நீர்மூழ்கித் திட்டினால், கற்கள் மட்டுமே கிடந்த இடத்தில் சிறிது மணல் திரும்ப வந்திருக்கிறது. பிள்ளைகள் அதில் விளையாடுகிறார்கள். ஆனால் திரும்பிய மணல் நகரத்துக்கு; பொம்மையார்பாளையத்துக்கு இன்னும் இல்லை. அந்தக் கணக்கைக் கேட்க வேண்டியவர்கள் மீனவர்கள் மட்டும்தானா?

நான் கொண்டுசென்ற வேட்டியையும் சேலையையும் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். சேலையை மருமகளிடம் கொடுத்தேன். வேட்டியைப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் தயங்கினார். "யாருக்கோ கொண்டாந்ததை நான் வாங்கிக்கலாமா சாமி?"

"அவர் நீங்களாகவும் இருக்கலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

பெரியவர் சற்று யோசித்தார். பிறகு வேட்டியை வாங்கிப் பிரித்து, அகலத்தைக் கையால் அளந்து பார்த்துவிட்டுத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி. அப்போ அந்தப் பழைய வேட்டியை எங்கே வச்சீங்க?" என்றார்.

குருமடத்தை விட்டு வந்தபோது எங்கோ தவறிவிட்டது என்று நான் தலைகுனிந்து சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க வீடே தவறிப் போச்சு சாமி, வேட்டி என்ன பெரிசு!" என்று சொல்லிவிட்டு மீண்டும் வலையின் முன் அமர்ந்தார்.